ஐந்தாவது வரிசையில் ஒருவர்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, "அளப்பது எப்படி என்று இவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று உங்கள் தலைமை ஆய்வாளர் என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஓய்வுபெற்ற நாளில் என் மேசைமேல் இருந்த கருவிகளை உங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்களாம். அளப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அளக்கிறவர் அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம்.

முதலில் காலம். காலம் சரியாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஜப்பான் கணக்கில் அது 2603ஆம் ஆண்டு. ஓடிப்போன வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற கணக்கில் 1943. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் பண்டாரத்தின் கணக்கில் சுபானு வருடம், ஆடி மாதம். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அதன்படி காலை எட்டரை மணிக்குத்தான் எங்கள் ஊரில் ஏழு மணி வெளிச்சம் வரும். ஒரே மாதத்துக்கு மூன்று கணக்கு, ஒரே நாளுக்கு இரண்டு மணி. இதையெல்லாம் வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு என்ன கதி நேர்ந்தது என்பது பின்னால் வரும்.

மலாயாவில் லுக்குட்டுக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் இடையில் இருந்த ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் நான் சோதனைக்கூட உதவியாள். தகரக் கூரை, பலகைச் சுவர், ஒரே ஒரு நீளமான வார்டு. வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிப் போன பிறகு அங்கே எல்லாமே பெரிய ட்ரெஸ்ஸர்தான். காயத்துக்குக் கட்டுப் போடுவது முதல் பிரசவம் பார்ப்பதுவரை அவர் கைதான். யாழ்ப்பாணத்துக்காரர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்காது, அதனால் இப்போதும் சொல்லாமல் விடுகிறேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் எதையும் சொல்லக்கூடியவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரால் மற்றவர்கள் சிரித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் உயிரோடு இருந்தது. அரிசி இல்லை. வெறும் கிழங்கைத் தின்றால் கால் வீங்கும், பிறகு மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். பெரிபெரி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல கால் தானாக உதைக்கும். பெரிபெரி வந்த கால் உதைக்காது, தூங்கும். எங்கள் வார்டில் அப்படித் தூங்கிக்கொண்டிருந்த கால்கள் நிறைய.

அப்போதுதான் சிரம்பானிலிருந்து ஆராய்ச்சித் துரை வந்து சேர்ந்தார். ஜப்பான்காரர், மருத்துவம் படித்தவர், நல்ல ஆங்கிலம் பேசுவார், கொஞ்சம் மலாயும் வரும். அறைவதில் கை தாராளம். ஆனால் வேலையில் பொய் இல்லாதவர். உண்மையிலேயே அந்த நோய்க்கு மலிவான மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தவர்.

அவருடைய யோசனை தெளிவாக இருந்தது. ஒரு நோய்க்கு ஒரு காரணம். அந்தக் காரணத்தை நீக்க ஒரு பொருள். அது எந்த உணவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வார்டை நான்கு வரிசையாகப் பிரித்தார். எல்லோருக்கும் மரவள்ளி உண்டு. முதல் வரிசைக்கு அத்துடன் பச்சைப் பயறு. இரண்டாவதற்குத் தவிடு. மூன்றாவதற்கு முருங்கைக்கீரை. நான்காவது வரிசைக்கு ஒன்றும் கிடையாது, வெறும் மரவள்ளி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை வேண்டுமல்லவா?

தவிட்டுக்காக நான் மலாய்க் கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, சைக்கிளில் போய் வருவேன். ரப்பர் தோட்டத்தில் வேலை, சைக்கிளுக்கு டயர் இல்லை. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். துரையின் முழங்கால் சுத்தியலுக்கும் நானே தோட்டத்து ரப்பர் பாளத்தில் ஒரு துண்டு வெட்டித் தலை செய்து கொடுத்திருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வரிசையின் முதல் கட்டிலில் பாக்கியம் இருந்தாள். பால் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போயிருந்தார்கள். மடியில் கைக்குழந்தை, பெண். பாக்கியத்துக்கு இரண்டு காலும் வீங்கி இருந்தன, வாய் மட்டும் நன்றாக இருந்தது. எங்கள் பக்கத்து 'லா'வைக் கடைசியில் ஒட்டாமல் பேச மாட்டாள்.

"என்னா தம்பி, அவுங்களுக்குப் பயறு, இவுங்களுக்குக் கீர. நாங்க என்னா பாவம் பண்ணுனோம்? நாலாவது வரிசைனா கடைசிப் பந்தியாலா?"

"உங்களை வச்சுத்தான்க்கா மத்தவங்க எவ்வளவு தேறினாங்கன்னு தெரியும்."

"நாங்க சாவுறத வச்சு அவுங்க பொழைக்கிறது தெரியுமாக்கும். நல்ல கணக்குப் போ!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ட்ரெஸ்ஸருடைய காது வேறொன்றில் இருந்தது. குழந்தையின் அழுகை கரகரத்திருந்தது. என்னை வெளியே அழைத்துப் போனார்.

"ஐசே, அந்தப் பிள்ளையின்ர சத்தத்தைக் கேட்டனீரோ? தாயின்ர பாலில சத்தில்லை. இன்னும் கொஞ்ச நாளில பிள்ளை வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. அதுக்குப் பிறகு நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

அவர் துரையிடம் போய்க் கேட்டார். பாக்கியத்தை இரண்டாவது வரிசைக்கு மாற்ற வேண்டும் என்றார். துரை மறுத்தார். "ஒருத்தியை மாற்றினால் நாளைக்கு இன்னொருத்தி. பிறகு என்னிடம் நான்காவது வரிசையே இருக்காது. குழந்தை என் ஆராய்ச்சியில் இல்லை."

"குழந்தை அவள் மடியில் இருக்கிறது, துவான்," என்றார் ட்ரெஸ்ஸர், ஆங்கிலத்தில். துரைமாரை மலாயில் 'துவான்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நான் முழங்காலைத்தான் பார்க்கிறேன்."

களவாகக் கொடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். முதல் வரிசை வேலம்மா அதைத்தான் செய்தாள். பயற்றைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பாக்கியத்துக்குக் கொடுத்தாள். துரை கண்டுபிடித்துவிட்டார். வேலம்மா வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று, அதைக் கவனிக்காமல் விட்ட வார்டு உதவியாளுக்குக் கன்னம் சிவந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு எல்லாம் துரையின் கண்ணெதிரில்தான்.

இந்த நேரத்தில்தான் ஆடிக் கூழ் வந்தது. எங்கள் தோட்டத்து வழக்கம் இது: கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒவ்வொரு வீடும் தன்னிடம் இருப்பதில் ஒரு பிடி கொண்டுவந்து அம்மன் பானையில் போட வேண்டும். யார் போட்டது என்று யாரும் பார்க்கக் கூடாது, யாருக்கும் தனியாக ஊற்றக் கூடாது, யாரும் வேண்டாமென்று சொல்லக் கூடாது. வார்டில் படுத்திருப்பவர்களுக்கும் ஒரு பானை வரும். துரை விஷயத்தைக் கேள்விப்பட்டதும் முகம் மாறிவிட்டது. நான்கு வரிசையும் ஒரே பானைக்குள் போய்விடும்! கூழுக்குத் தடை போட்டார். ஆராய்ச்சி முடியும்வரை அந்தக் கோவிலில் அடுப்பு எரியக் கூடாது.

பாக்கியம் அதைக் கேட்டு, "நாலாவது வரிசைக்கு அம்மனும் கெடையாதாலா?" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் கரகரப்பும் கூடியிருந்தது.

அடுத்த சில நாட்களில் பக்கத்துத் தோட்டங்களின் ட்ரெஸ்ஸர்கள் துரையின் முறையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். சி ரூசா பக்கமிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். துரைக்கு உற்சாகம். வார்டின் நடுவில் மேசை போடச் சொன்னார்.

"நோயைப் பார்ப்பதற்கு முன்னால் ஆரோக்கியம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்," என்றார். சொல்லிவிட்டுத் தானே மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கால்சட்டையை மடித்துவிட்டு, காலைத் தொங்கப்போட்டார். சுத்தியலை என்னிடம் நீட்டினார். "தட்டு."

தட்டினேன்.

கால் தொங்கிக்கொண்டிருந்தது.

துரை குனிந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பலமாக."

பலமாகத் தட்டினேன். கால் அசையவில்லை. மற்றக் காலில் தட்டச் சொன்னார். அதுவும் அப்படியே. வந்திருந்த ட்ரெஸ்ஸர்கள் ஒவ்வொருவராகக் கூரையையும் சன்னலையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

"இந்தத் தோட்டத்து ரப்பர் சரியில்லை," என்றார் துரை. சுத்தியலைப் பிடுங்கி, என்னை மேசையில் உட்காரவைத்து, என் முழங்காலில் ஒன்று போட்டார். என் கால் வஞ்சனையில்லாமல் எழும்பி அவர் இடுப்புவாரில் இடித்தது. வாழ்க்கையில் என் கால் எனக்கு எதிராக வேலை செய்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அப்போதுதான் எனக்கு மற்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மத்தியானத்தில் அவர் காலணி நாடாவை அவிழ்த்துவிட்டு நடப்பது. பங்களாப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது. நாங்கள் வெயில் என்று நினைத்தோம். கண்காணி முதல் கூலிவரை எல்லோரும் கிழங்கு தின்ன, துரைக்கு மட்டும் கிடங்கிலிருந்து மல்லிகைப்பூ மாதிரி தீட்டிய வெள்ளை அரிசி போனது. தவிடு ஒட்டாத அரிசி. வார்டுக்குள் எது வருகிறது, எது போகிறது என்று அவ்வளவு கறாராகப் பார்த்த மனிதர், தன் தட்டை மட்டும் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்காரருடைய தட்டு ஆராய்ச்சிக்கு வெளியில் இருந்தது.

நான்காவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியாத்தே! இந்தக் காலு நம்ம வரிசலா!"

வார்டு முழுவதும் இருமல். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தால் அது என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியும்.

துரை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

உள்ளதைச் சொன்னால் பாக்கியத்துக்கு அறை. பொய் சொன்னால் வந்திருப்பவர்களில் தமிழ் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவர்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய ட்ரெஸ்ஸர் ஓரடி முன்னால் வந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேசுகிற ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்:

"அவள் ஓர் அவதானிப்பைச் சொல்கிறாள், துவான். நம் ஆராய்ச்சியில் ஐந்தாவது வரிசை ஒன்று இருக்கிறதாம். வெறும் வெள்ளை அரிசி. பயறு இல்லை, தவிடு இல்லை, கீரை இல்லை. அந்த வரிசையில் ஒருவர்."

நான் அறைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். என் கன்னம் முன்கூட்டியே சுட்டது. துரை தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போன மனிதராகவும், கண்ணெதிரில் ஒரு நல்ல சான்றைப் பார்த்துவிட்ட ஆராய்ச்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருப்பது கஷ்டமான வேலை. கடைசியில் ஆராய்ச்சியாளர் ஜெயித்தார் என்று நினைக்கிறேன். கால்சட்டையை இறக்கிவிட்டு, "இன்றைக்குப் போதும்," என்றார். அவ்வளவுதான்.

வந்தவர்கள் போன பிறகு ட்ரெஸ்ஸரையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தவிடு வேண்டும்."

"கொடுக்கலாம், துவான்," என்றார் ட்ரெஸ்ஸர். "ஆனால் நான்காவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் ஒரே நோய். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் விட்டால், யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் காரணங்களில் ஒன்றாகிவிடும். அதற்கு நம்மிடம் வரிசை இல்லை."

துரை பல்லைக் கடித்தார். சிக்கல் அவருக்கும் புரிந்தது. நான்காவது வரிசையைத் தானே கலைத்தால் சிரம்பானுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மருந்து கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவருக்கே நோய் என்று தெரிந்தால் தலை நிமிர முடியாது. தனக்கென்று தவிடு கேட்டு வாங்கினால் காவல்காரர்கள் பேசுவார்கள். அதிகாரி மாட்டுத் தீனி தின்கிறார் என்று.

ட்ரெஸ்ஸர் சன்னல் வழியாகக் கோவில் பக்கம் பார்த்தார்.

"இந்த மாதம் இங்கே ஒரு சடங்கு உண்டு, துவான். கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். வந்தவர் குடிக்காமல் போனால் ஊருக்கு அவமரியாதை. அங்கே குடிப்பதை யாரும் மருந்து என்று சொல்ல மாட்டார்கள். அதிகாரி குடித்தால், குடிமக்களின் வழக்கத்தை மதிக்கிறார் என்பார்கள்."

துரை, "அந்தச் சடங்கை யார் தடை செய்தது?" என்று கேட்டார்.

"யாரென்று தெரியவில்லை, துவான்," என்றார் ட்ரெஸ்ஸர்.

வெள்ளிக்கிழமை அடுப்பு எரிந்தது. ஆராய்ச்சிக்கென்று வந்த பயறு, தவிடு, கீரை எல்லாம் கேழ்வரகோடு ஒரே பானைக்குள் போயின. துரை சீருடையில் வந்து பலகையில் உட்கார்ந்தார். பாக்கியத்தை இரண்டு பெண்கள் தாங்கி அழைத்து வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையில் அவளே அவருக்கு ஊற்றினாள். தொட்டுக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும். துரையின் முகம் போன போக்கை மிளகாய்மேல் போட்டுவிடலாம். முதல் சிரட்டை முடிந்தது. பாக்கியம் கேட்காமலே இரண்டாவதை ஊற்றினாள்.

"இதில் என்ன இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். பழக்கம் விடவில்லை.

"எல்லாந்தான் துவான்."

"எது அதிகம்?"

பாக்கியம் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். என்னிடம் திரும்பி, "சும்மா குடிக்கச் சொல்லு தம்பி. கூழுக்குள்ள வரிச கட்ட முடியாதுலா," என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மூன்றாவது சிரட்டையும் உள்ளே போனது. அதன் பிறகு அவளும் குடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூழால் யாரும் பிழைத்துவிட முடியாது என்பது ட்ரெஸ்ஸருக்குத் தெரியும். அம்மன் இந்த வருடம் தினமும் கேட்கிறாள் என்று பண்டாரத்தின் வாயால் சொல்லவைத்தார். சரி, ஆடி முடிந்தால்? அதுதான் என் வாழ்க்கையின் பெரிய சோதனை. ஆடி முடிந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் முடியவில்லை. போர்டிக்சனில் ஆவணி பிறந்து, சிரம்பானில் ஆவணி வளர்ந்து, ஊரெல்லாம் புரட்டாசி வந்த பிறகும் எங்கள் மாரியம்மனுக்கு மட்டும் ஆடி நடந்துகொண்டிருந்தது. நான் ட்ரெஸ்ஸரிடம் போய்ப் பஞ்சாங்கத்தைக் காட்டினேன்.

"ஐயா, இது ஆடி இல்லை."

"ஐசே, உமக்குத் தேதி வேணுமோ, பிள்ளை வேணுமோ?"

பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒருநாள் துரையே கேட்டார், இந்த ஆடி எப்போது முடியும் என்று. "அது சந்திரனைப் பொறுத்தது, துவான். இங்கே மேகம் அதிகம்," என்றார் ட்ரெஸ்ஸர். துரை சிரட்டையை நீட்டினார்.

குழந்தைக்குத்தான் முதலில் தெரிந்தது. சில நாட்களிலேயே கரகரப்பு தெளிந்து, வார்டே காதைப் பொத்திக்கொள்ளும்படி அழ ஆரம்பித்தது. "எவடி இந்தப் புள்ளைக்கி ஒலிபெருக்கி வச்சது?" என்று வேலம்மா திட்டினாள். பாக்கியம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரித்துப் பார்ப்பது தவறு, எல்லாவற்றையும் முழுமையாகப் பாருங்கள் என்று பேசி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. முழுமை, முழுமை என்று முழங்குகிறவர்களில் பலர் ஒரு முழங்காலைக்கூடத் தட்டிப் பார்க்காதவர்கள். துரை நினைத்தது சரி. அந்த நோய்க்கு ஒரு பொருள் போதும், அது தவிட்டில் இருந்தது. கேழ்வரகு, வெங்காயம், அம்மன் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் தவிடு தன் வேலையைச் செய்திருக்கும். நானே பின்னால் இருபது வருடத்துக்கு மேல் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் அந்தத் தவிடு துரையின் வயிற்றுக்குள் போவதற்கு ஒரு கோவில் வேண்டியிருந்தது, ஒரு பானை வேண்டியிருந்தது, பாக்கியத்தின் வாய்த்துடுக்கும், ட்ரெஸ்ஸரின் சிரிக்காத முகமும், முடியாத ஓர் ஆடி மாதமும் வேண்டியிருந்தன. இவற்றில் எதை விலக்கிவிட்டுச் சோதித்துப் பார்ப்பீர்கள்? நீங்கள் கட்டிலுக்கு எண் போடும்போது உங்கள் நாற்காலிக்கும் ஓர் எண் போட்டுவிடுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பிரியுங்கள்.

புரட்டாசி நடுவில் ஒருநாள், அதாவது எங்கள் தோட்டத்து ஆடியில், துரை வார்டுக்கு வந்தார். காலணி நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. விருந்தினர் யாரும் இல்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்து, சுத்தியலை என்னிடம் நீட்டினார். நான்கு வரிசையும் எழுந்து உட்கார்ந்தது.

தட்டினேன்.

கால் எழும்பிய வேகத்தில் சுத்தியல் என் கையிலிருந்து பறந்து கட்டுத்துணி வைத்திருந்த தகரத் தட்டில் போய் விழுந்தது. அந்தச் சத்தத்தில் பாக்கியத்தின் குழந்தை விழித்து வீறிட்டது. துரை ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தன் காலைத் தானே ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு ட்ரெஸ்ஸர் பக்கம் திரும்பினார்.

"உங்கள் ஆடி மாதம் இனி முடியலாம்."

இவ்வளவு நாளும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! ட்ரெஸ்ஸர் முகம் மாறாமல் நான்காவது வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னும் ரெண்டு முழங்கால் நித்திரை, துவான்," என்றார், இந்த முறை வார்டுக்கே கேட்கும்படி தமிழிலேயே. அதே முகத்தோடு துரைக்காக ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி முடித்தார். சந்திரன், மேகம் என்று என் காதில் விழுந்தது.

துரை சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். ஒரு மேகம்கூட இல்லை.

"ஆமாம்," என்றார். "மேகம் அதிகம்தான்."